கம்பத்துக்கும் காசு நாங்கள்தான் போட்டோம்

ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது, அம்மா எழுந்து அரிசி களைந்து குக்கரில் போட்டார், நான் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். ரங்கூனில் இப்போது தூக்கம் இப்படித்தான்.

பெகூ பக்கம் சித்தப்பா ஊரில் கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றுக்கும் வீடுவீடாகக் காசு போட்டுத்தான் லைன் இழுத்தார்கள், பர்மாவில் பல கிராமங்களில் இதுதான் நடைமுறை, காசு இல்லாத வீடு இருட்டிலேயே கிடக்கும். அதை மாற்றத்தான் 2030க்குள் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் என்று அரசாங்கம் திட்டம் போட்டது. 2015இல் உலக வங்கி 40 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது, தூரத்து ஊர்களுக்குச் சோலார் போனது, 2019 கடைசியில் பாதி வீடுகளுக்குக் கரண்ட் வந்துவிட்டது. அப்புறம் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உலக வங்கி பணத்தை நிறுத்தியது.

கயா மாநிலத்து லோபிதா நீர்மின் நிலையத்தை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். 1960இல் ஜப்பானின் போர் இழப்பீட்டில் கட்டியது. அந்தக் கரண்ட் மலை தாண்டி எங்கள் ரங்கூனுக்கு வந்தது, பக்கத்துக் கிராமங்கள் எத்தனையோ வருஷம் இருட்டில் இருந்தன.

சித்தப்பா ஊரில் கம்பங்கள் நிற்கின்றன. கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்றாவது சரியாகச் சொல்லுங்கள் என்றுதான் அவர் கேட்கிறார்.