பற்று, வரவு, பிசிக்ஸ்

மே 8, 2025, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். பெரியவள் 600-க்கு 548. பிசிக்ஸ் 94, கணக்கு 91, கெமிஸ்ட்ரி 92. இன்ஜினியரிங் கட்ஆஃப் 184 வருகிறது. நான் கணக்கெழுதும் பாத்திரக்கடையில் முதலாளியே எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால், "பி.எஸ்சி. பிசிக்ஸ்தான்ப்பா, வேற எதுவும் வேணாம்" என்கிறாள். அவள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். முதலில் சாப்பாட்டைப் போடு என்றேன்.

மே 11, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார். "184-ஐ வச்சுக்கிட்டு ஆர்ட்ஸ் காலேஜா?"

இவள் கலாமைத் துணைக்கு இழுத்தாள். "அவரும் திருச்சி ஜோசப் காலேஜ்ல பிசிக்ஸ் படிச்சவர்தானே மாமா?"

"படிச்சாரு. அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில ஏரோநாட்டிக்கல் சேர்ந்தாரு. அந்த ஃபீஸுக்கு அவங்க அக்கா வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சாங்க."

இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் இந்த வீட்டில் அந்த அக்காவே இவள்தான். தம்பி இப்போதுதான் ஒன்பதாவது போகிறான்.

மே 14, புதன்

கடை சாத்தியதும் பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறது. இங்கே கும்பகோணத்து அரசு மகளிர் கல்லூரியிலோ கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எதில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்று வருஷத்துக்கு 36,000. பி.எஸ்சி.க்குப் பற்றைவிட வரவு அதிகம்! கணக்கெழுதும் வாழ்க்கையில் இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்ததில்லை.

பிறகுதான் அடுத்த பக்கம். இன்ஜினியரிங் என்றால் நாலாவது வருஷக் கடைசியில் சம்பளத்துக்கு வாய்ப்பு. பிசிக்ஸ் என்றால் மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு, அதன்பிறகு பி.எச்டி. ஐந்தாறு. எனக்கு 54 முடிந்துவிட்டது. கடையில் பென்ஷன் கிடையாது. ஃபீஸ் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் சம்பாதிக்காத அந்த வருஷங்களை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. அதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல் பேரேட்டை மூடினேன்.

மே 18, ஞாயிறு

எதிர்வீட்டு சார் பிசிக்ஸில் டாக்டரேட். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, மே மாதம் அதுவும் இல்லை. அதே வகுப்பை எடுக்கிற நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700-இல் தொடங்குகிறது. அவரிடமே யோசனை கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் கூச்சப்படவில்லை.

"பி.எஸ்சி.யோட நிறுத்துறதா இருந்தா வேணாம் சார். தனியார் ஸ்கூல், இல்லேன்னா ஐ.டி. விப்ரோ மாதிரி கம்பெனி பி.எஸ்சி. ஆளுங்களை எடுத்து, வேலையோட எம்.டெக். படிக்க வைக்கிறான். அது கெட்ட வழியில்ல, ஆனா அதுக்கு பிசிக்ஸே தேவையில்ல. மேல போறதுன்னா முதல் வருஷத்துலேருந்தே எம்.எஸ்சி. நுழைவுக்கான ஜாம் பரீட்சைக்குப் படிக்கணும். ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி. கிடைச்சா பாதை வேற. நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை வந்துட்டா மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. வீட்டு வாடகைப் படி தனி."

பிறகு ஒரு பழைய சி.டி.யையும் சிவப்பு லேசர் பேனாவையும் எடுத்து வந்தார். சி.டி.யின் நெருக்கமான தடங்களில் பட்ட ஒளி சுவரில் தனித்தனிப் புள்ளிகளாக விழுந்தது. சி.டி.யிலிருந்து சுவர் ஒரு மீட்டர். நடுப்புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே நாற்பத்து நாலரை சென்டிமீட்டர். அந்தத் தடங்களின் இடைவெளியைக் கண்டுபிடிக்கச் சொல்லி, லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்று மட்டும் சொன்னார். என் கடைக் கால்குலேட்டரில் சைன் கிடையாது. அவள் வர்க்கமூலப் பொத்தானை வைத்தே போட்டு, "தடத்துக்குத் தடம் 1.6 மைக்ரோமீட்டர்" என்றாள். சார் சிரித்துக்கொண்டே, சி.டி. தயாரிக்கிறவர்கள் கொடுக்கும் அளவும் அதுதான் என்றார்.

கண்ணுக்குத் தெரியாததைத் தையல் டேப்பால் அளந்துவிட்டாள். அதைப் பார்த்து மயங்கி முடிவெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே 24, சனி

சி.வி. ராமனும் எம்.ஏ. முடித்து, 1907-இல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தவர்தான். பத்து வருஷம் எங்கள் தொழில்! 1917-இல் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். இதைச் சொன்னதும் வீட்டுக்காரி, "அவர் சம்பாதிச்சு வச்சுட்டுப் போனாரு, இவ எதை வச்சுட்டுப் போறா?" என்றாள். பதில் இல்லை.

ஜூன் 9, திங்கள்

மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் சீட் கிடைத்துவிட்டது. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கும் பதிந்து வைத்திருக்கிறோம். வீட்டுக்காரிக்கு அது ஒரு பிடி. நான் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: எம்.எஸ்சி. முடியும்வரை, ஐந்து வருஷம், என் பொறுப்பு. அதற்குமேல் உதவித்தொகை வந்தால் பி.எச்டி.; வராவிட்டால் பி.எட். முடித்து அரசு ஆசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வு எழுத வேண்டும். முதுகலை ஆசிரியர் அடிப்படைச் சம்பளம் 36,900. "சரிப்பா" என்றாள், ரொம்ப யோசிக்காமலே. தம்பியைப் பற்றி அவளாகவே ஒன்று கேட்டாள்: அவன் கல்லூரிக்குப் போகும்போது தான் டியூஷன் எடுத்தால் போதுமா என்று. போதாது. உதவும்.

மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை அவர் வீட்டுக் காதுகுத்து இருக்கிறது, அதன்பிறகு சொல்லலாம்.