34 வயசுல பத்தாங்கிளாஸ், ஞாயித்துக்கிழமை கெடச்ச சொந்தம்

எனக்கு பொறந்த ஊரு கம்பம், கட்டிக்குடுத்தது கேரளாவுல வண்டிப்பெரியாறு. தேயில எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறேன். எட்டாவதோட படிப்ப நிறுத்திட்டாங்க, அந்த ஏக்கம் மட்டும் போகவே இல்ல.

ஒருநாள் பிரேரக் சேச்சி, அதாவது கேரளா எழுத்தறிவு இயக்கத்துல ஆள் சேத்து படிக்க வைக்கிறவங்க, எங்க லயத்துக்கே (எஸ்டேட் லைன் வீட்டுக்கே) வந்து, சாக்ஷரதா மிஷன்ல (அந்த எழுத்தறிவு இயக்கத்துல) பத்தாங்கிளாஸ் துல்யதா இருக்கு, அதாவது பள்ளிக்கூடம் போகாமலே எழுதுற சமநிலைப் படிப்பு, 17 வயசு முடிஞ்சு ஏழாவது பாஸாயிருந்தா போதும், ஞாயித்துக்கிழமைதான் கிளாஸ், தமிழ்லயே எழுதலாம்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

டிசில அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல், அத சரி பண்ண ரெண்டு தடவ மலை எறங்கி நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் போனேன், ரெண்டு நாள் கூலி போச்சு. "இந்த வயசுல எதுக்கும்மா"ன்னு அங்க ஒருத்தர் கேட்டது இன்னும் மனசுல கெடக்கு. போறவங்க கல்யாண சர்ட்டிபிகேட்டையும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க.

மொத கிளாஸ்ல கைய பெஞ்சுக்கு அடியிலயே வச்சிருந்தேன். கொழுந்துக் கறை நகத்துக்குள்ள கருப்பா ஏறிக்கெடக்கும், எலுமிச்சம்பழம் தேச்சாலும் போகாது. பக்கத்துல ஒரு அக்கா, ஏலத்தோட்டத்துல வேல, 58 வயசு. அவங்க என் கையப் புடிச்சு மேல இழுத்து, "நோட்டக் காட்டு, இந்தக் கணக்க எப்டிப் போட்ட?"ன்னாங்க. பாத்தா அவங்க கையும் காப்புக் காச்சிப்போய் என் கை மாதிரிதான் இருக்கு. அதுக்கப்புறம் நான் கைய மறைக்கவே இல்ல.

டீச்சர் அன்னைக்கு கார்த்யாயினி அம்மா பத்தி சொன்னாங்க, 2018ல 96 வயசுல அட்சரலட்சம்ங்குற எழுத்தறிவுப் பரீட்சை எழுதி 100க்கு 98 வாங்குனவங்க. கொல்லத்து பாகீரதி அம்மா 105 வயசுல நாலாங்கிளாஸ் துல்யதா எழுதியிருக்காங்க. அக்கா என் காதுகிட்ட வந்து, "அப்ப நான் சின்னப் புள்ளடி"ன்னாங்க.

எங்க செட்டுல ஒரு ஆட்டோ சேட்டனும் உண்டு. அவருக்கு தமிழ் படிக்க வராது, எனக்கு மலையாளம் படிக்க வராது. அவரு பாடத்த சத்தமா வாசிச்சு வாய்ஸ் நோட் போடுவாரு, நான் கேட்டுட்டு தமிழ்ல அக்காவுக்கு சொல்லுவேன், கணக்கு மட்டும் நான் அவருக்கு சொல்லிக்குடுப்பேன், இப்டியே ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓடும். நம்மகிட்டயும் ஒருத்தர் சந்தேகம் கேக்குறாங்கன்னு நெனைக்கிறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, அத அதுக்கு முன்னாடி நான் அனுபவிச்சதே இல்ல.

கொழுந்து நெறைய வர்ற சமயம், ரெண்டு ஞாயிறு வேலைக்குப் போய்ட்டேன், இனி அவ்ளோதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். மூணாவது ஞாயிறு சாயங்காலம் ரெண்டு பேரும் வாசல்ல வந்து நிக்கிறாங்க. அக்கா கையில அவிச்ச கப்பக்கிழங்கும் காந்தாரி மொளகா சட்னியும், சேட்டன் கையில ரெண்டு வாரத்து நோட்டு. லயத்துத் திண்ணையில அடுப்புக்கரியாலயே வட்டம் வரஞ்சு கணக்குப் போட்டோம். அந்த வட்டத்த ஒரு வாரம் நான் கழுவவே இல்ல.

நானும் சேட்டனும் பாஸாயிட்டோம், இப்ப ப்ளஸ் டூ துல்யதா சேந்திருக்கோம், அதுக்கு 22 வயசு முடிஞ்சிருக்கணும். அக்காவுக்கு இங்கிலீஷ் மட்டும் நின்னுபோச்சு, மறுபடி எழுதுறாங்க. எங்களுக்கும் ஞாயித்துக்கிழமைதான் கிளாஸ், அதனால அரைமணி நேரம் முன்னாடியே போய் அவங்ககூட உக்காந்துக்குவோம். நேத்து வேல முடிஞ்சு ஜீப்புல வர்றப்பவே வாய்ஸ் நோட் போட்டிருந்தாங்க. அந்த எரைச்சல்லயும் "ஐ வென்ட், யூ வென்ட், ஷி வென்ட்"னு நிறுத்தி நிறுத்தி சொல்லிட்டு, "சரியாடி?"ன்னு கேட்டாங்க.