அடிச்சுற்றில் ஒரு முறிவு

அந்தக் கார் இரண்டு மாதத்துக்கு முன்பே என் பட்டறை லிஃப்டில் ஏறி இறங்கியதுதான். 2004 மாடல் சின்ன வண்டி. உரிமையாளர் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கு பார்ப்பவர். தினமும் அந்த மண்பாதையில் போய் வருகிறவர். “முன்பக்கம் டொக்கு டொக்குனு சத்தம் வருது அண்ணாச்சி” என்றார். ஆட்டிப் பார்த்தேன். வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கில் லேசான ஆட்டம் இருந்தது, மாற்றினேன். சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. மாதிரிதான்.

மறுபடி வந்தபோது இடப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டங்’ என்று ஏதோ துள்ளியது. சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட்டின் கீழ்த் தட்டு முழுக்கச் சேறு. விரலை விட்டு வழித்தபோதுதான் காயில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் முக்கால் வட்டத் துண்டு தனியாக அசைந்தது. அதன் கூர்முனை டயரின் உள்சுவரில் ஒரு கோடு கிழித்திருந்தது.

ஸ்பிரிங் பெரும்பாலும் அங்கேதான் முறியும். தண்ணீரும் சேறும் தேங்குகிற இடம் அது. பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு சின்னக் குழியாக இறங்கும். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் கம்பி முறுக்கிக்கொள்ளும், குழியிலிருந்து கீறல் வளரும். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் சொல்லவே வேண்டாம்.

“உடைஞ்சது ஒண்ணுதானே, அதை மட்டும் மாத்துங்க” என்றார். இருபது வருஷத்துப் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும் என்றேன். முகம் மாறவில்லை. “வலப்பக்கத்து ஸ்பிரிங்கும் இதே உப்பைத் தின்னதுதான் சார்” என்றதும் சிரித்துவிட்டார். சரி, இரண்டும்.

சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளை ஸ்ட்ரட்டோடு பிடிக்கும் போல்ட்டுகள் இருந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, ஒரேயடியாக மாறிவிடும். பிரேக் ஹோஸில் பாரம் தொங்காமல் நக்கிளைக் கம்பியால் கட்டினேன். அதெல்லாம் கைப்பழக்கம். ஸ்ட்ரட்டை வெளியே எடுத்த பிறகுதான் பயமே. வண்டியின் பாரம் போனாலும் ஸ்பிரிங்குக்குள் அழுத்தம் மிச்சமிருக்கும். அதை அமுக்காமல் மேல் நட்டைக் கழற்றினால், மேலே பிடித்திருக்கும் மவுண்ட்டோடு சேர்ந்து பாயும். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர், “அதுக்கு நேரா மூஞ்சியக் காட்டாதலே” என்று தலையில் தட்டியே பழக்கினார். முறிந்த ஸ்பிரிங் என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரின் கொக்கிகள் முழுசாக இருக்கும் சுற்றுகளில்தான் பிடிக்க வேண்டும். எதிரெதிராக இரண்டு கம்ப்ரஸர்களை மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு திருகு, அந்தப் பக்கம் இரண்டு திருகு என்று கையாலேயே இறுக்கினேன். காற்றில் சுழலும் ஏர் கன் வைத்தால் சீக்கிரம் முடியும்தான். நான் வைப்பதில்லை.

புது ஸ்பிரிங்கின் முனை கீழ்த் தட்டின் படியில் முட்டி உட்கார்ந்ததைத் தடவிப் பார்த்து, மவுண்ட் பேரிங்குகளையும் டயரையும் மாற்றி, அலைன்மென்ட்டுக்கு அனுப்பினேன்.

அப்புறம் முறிந்த துண்டைத் துடைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பெரும்பகுதி பளபளவென்று இருந்தது. ஓரத்தில் பிறை அளவுக்குக் கருத்த பழுப்பு, பழைய துரு. நான் லிங்க் மாற்றிய அன்றே அந்தக் கீறல் அங்கே இருந்திருக்கும்.

அந்த லிங்க் கூலியைப் பில்லில் கழித்தேன். “எதுக்கு அண்ணாச்சி?” என்றார். துண்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா துருப்பிடிச்சிருக்கு” என்று வைத்துவிட்டுப் போனார்.