முன் ஸ்டெபிலைசர் பார் மாற்றியாச்சு, அந்த ஒரு போல்ட்டையும் உடைக்காமல் எடுத்தாச்சு

சத்தம் போச்சு. ஸ்டெபிலைசர் பார் என்பது இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி. சிங்கப்பூரில் எங்கள் எச்டிபி (அரசு அடுக்குமாடி) கார் பார்க் ஹம்ப்பில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்பக்கம் கேட்ட அந்த "கடக்" இப்போது இல்லை. மேலே ரேக்கில் ஏணியும் அலுமினியச் சட்டங்களும் கட்டிக்கொண்டு பல அடுக்கு கார் பார்க்கில் சுற்றிச் சுற்றி ஏறினாலும் வண்டி ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்வதில்லை. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி ஜப்பான் டபுள் கேப் பிக்கப், டீசல், வேலைக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான். பத்து வயது தாண்டி சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமச் சான்று) புதுப்பித்து ஓட்டுகிறேன். சரக்கு வண்டிக்குப் பத்து வருஷம் ஆகிவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன், அதனால் அடியில் என்ன ஆடுகிறது, என்ன தேய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பார் எதற்கு மாற்றினேன், புஷ் (பாரைச் சேஸியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடிக்கும் இடத்தில் உள்ள ரப்பர்) மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: புஷ் முன்பே மாற்றினேன். பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க்கும் மாற்றினேன். கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் அதே சத்தம். பழைய பாரை வெர்னியர் வைத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. புஷ் உட்காரும் இடத்தில் பார் உருண்டையாகவே இல்லை, மேல்கீழாக ஓர் அளவு, முன்பின்னாக வேறு அளவு. ரப்பருக்குள் மணலும் தண்ணீரும் புகுந்துவிட்டால் அது உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தேய்ந்த பாரில் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் அது தளர்வாகத்தான் உட்காரும். புஷ் மாற்றியும் சத்தம் திரும்பி வருகிறதென்றால் மறுபடி புஷ் வாங்காதீர்கள், முதலில் பாரை அளந்து பாருங்கள்.

தடிமனான பார் போடலாமே என்று நிறைய பேர் சொன்னார்கள். பாரின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 25 மிமீ பாரை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் 28 மிமீ போட்டால் விறைப்பு ஏறக்குறைய 57 சதவீதம் கூடும். மூன்று மில்லிமீட்டருக்கு இவ்வளவு! ஆனால் என் வண்டிக்குப் பின்பக்கம் பார் கிடையாது, லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) மட்டும்தான். முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் வளைவில் முன்பக்க வெளிச்சக்கரத்தின் மேல் சுமை கூடி, ஸ்டீரிங் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். டிசம்பர் மழையில் எக்ஸ்பிரஸ்வே எக்ஸிட் வளைவில் அது எனக்கு வேண்டாம். அதனால் கம்பெனித் தடிமனிலேயே, ஸ்கிராப்புக்குப் போன அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய பார் வாங்கினேன். வாங்கும் முன் புஷ் உட்காரும் இரண்டு இடத்தையும் அளந்தேன், இரண்டு முனையிலும் லிங்க் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பார்த்தேன். கழற்றிய சாமானில் இந்த நான்கு இடம் நன்றாக இருந்தால் போதும். துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து பிரைமரும் கறுப்பு பெயின்ட்டும் அடித்துவிட்டேன்.

எச்டிபி பார்க்கிங்கில் வண்டியைத் தூக்கி வைத்து வேலை பார்க்க முடியாது என்பது தெரிந்ததுதான். காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் நட்டை எடுத்ததும் அடித்துவிடும். அடியில் இருக்கும் காப்புத் தகட்டை (ஸ்கிட் பிளேட்) கழற்றினேன், லிங்க் நட்டையும் எடுத்தேன் (ஸ்டட் சேர்ந்து சுற்றும், நடுவில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டால் வந்துவிடும்). சேஸியில் பாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் நான்கு போல்ட். மூன்று சமர்த்தாக வந்துவிட்டன.

இடது பின் போல்ட் மட்டும் அசையவே இல்லை.

இந்த போல்ட்டைப் பற்றித்தான் நான் எழுத வந்ததே. சேஸிக்குள் வெல்ட் செய்த நட்டில் அது போய் உட்காருகிறது. நட்டைத் தாண்டி போல்ட்டின் முனை கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், யார் கண்ணிலும் படாது. நம் ஊரில் பனிக்கு உப்புப் போடுவதில்லை, ஆனால் ஈரம் வருஷம் முழுக்க உண்டு. சேஸிக்குள் தேங்கும் சேறு அந்த முனையின் மரையில் ஒட்டித் துருப்பிடிக்கும். போல்ட்டைக் கழற்றும்போது அந்தத் துரு மொத்தமும் நட்டின் மரைக்குள் இழுபட்டு வந்து இறுகிக்கொள்ளும். போல்ட் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். முதல் அரைச் சுற்று சுகமாக வரும், அப்புறம் கனக்கும், நாம் பலம் போடுவோம், தலை கையோடு வந்துவிடும். வெல்ட் நட்டுக்குள் ஒடிந்த போல்ட்டை எடுப்பது தனி வேலை. டிரில் போட வேண்டும், கொஞ்சம் விலகினால் நட்டே போய்விடும்.

அண்ணன் ஒரே வார்த்தை சொன்னார்: "தம்பி, லூஸ் பண்ணாத, மொதல்ல கொஞ்சம் டைட் பண்ணிப் பாரு." இறுக்கும் திசையில் ஒரு நூலிழை அசைந்தால் போதும், துருப்பிடிப்பு விட்டுப்போகும். அதற்கு முன் சேஸியின் பக்கவாட்டு ஓட்டை வழியாக டார்ச் அடித்து முனையைக் கண்டுபிடித்து, வளைந்த வயர் பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சேற்றைச் சுரண்டி எடுத்தேன். துரு இளக்கும் எண்ணெயைத் தலைப்பக்கம் அடித்துப் பயனில்லை, மேலே முனைப்பக்கம் அடித்தால்தான் மரை வழியாகக் கீழே இறங்கும். அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அடித்தோம். சூடு காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் போகிறது, மேலெல்லாம் எண்ணெய் வேறு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நீளமான கைப்பிடி, ஆறு பக்க சாக்கெட் (பன்னிரண்டு பக்க சாக்கெட் தலையை உருட்டிவிடும்). இறுக்கினேன், "டிக்" என்றது. கால் சுற்றுத் தளர்த்தினேன், கனத்தது, உடனே திரும்ப இறுக்கினேன். எண்ணெய், கால் சுற்று, திரும்ப உள்ளே. இப்படியே முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் வெளியே கொண்டுவந்தேன். அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் கன் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. கன்னில் எவ்வளவு கனக்கிறது என்பது கைக்குத் தெரியாது, கைப்பிடியில் தெரியும். முழுசாக வெளியே வந்தபோது மரையில் காவி நிறத்தில் பொடி அப்பியிருந்தது. அந்த போல்ட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை.

வெளியே வந்ததும் நட்டின் மரையை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: ஜப்பான் வண்டியில் எம்10 (10 மிமீ விட்ட போல்ட்) என்றால் பெரும்பாலும் 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம், மிமீயில்), தலை 14 மிமீ. சாதாரண ஹார்டுவேர் கடையில் எம்10 கேட்டால் 1.5 பிட்ச் எடுத்துக் கொடுப்பார்கள், தலையும் பெரிதாக இருக்கும். முதல் இரண்டு மரை ஏறுவது மாதிரி ஏறும், அதற்கு மேல் திருகினால் நட்டு காலி. ஜாலான் புசார் பக்கம் போல்ட் கடையில் பழையதைக் காட்டி, கையாலேயே நட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்து வாங்கினேன். அங்கிள் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் போல்ட் எடுத்துக் காட்டினார், துருப்பிடிக்காதாம். வாங்கவில்லை. ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 எம்பிஏ (இழுப்பு அழுத்த அளவு) அளவிலேயே நீள ஆரம்பிக்கும், 8.8 கிரேடு 640 வரை தாங்கும். சஸ்பென்ஷனில் அழகு எதற்கு? 8.8 துத்தநாகப் பூச்சு போல்ட், முனையில் கொஞ்சம் மெழுகு ஸ்பிரே, அவ்வளவுதான்.

புஷ்ஷைப் பற்றி இரண்டு வரி. ரப்பர் புஷ்ஷுக்கு சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரிதேன் என்றால் சிலிக்கான் கிரீஸ் கட்டாயம், இல்லாவிட்டால் கீச்கீச்சென்று கத்தும். புஷ்ஷில் உள்ள பிளவு எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் வர வேண்டும், பழையதைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட் போல்ட்டை முதலில் பாதி இறுக்கம் மட்டும் கொடுத்து, பாரை இடம் வலம் நகர்த்தி நடுவில் நிறுத்தி, சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு முழுசாக இறுக்கினேன்.

இனி அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று பட்டறையில் ஒருவர் அடித்துச் சொன்னார். தேவையில்லை. இந்த பார் சக்கரத்தின் கோணங்களான டோவையும் கேம்பரையும் பிடித்து வைப்பதில்லை. டை ராட் முனையையோ ஆர்ம் போல்ட்டையோ தொட்டிருந்தால் சரி, நான் தொடவில்லை. அந்தப் பணம் மிச்சம்.

அடுத்து பின் லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளில் உள்ள புஷ். சுமை இறக்கிய பிறகு பின்னால் ஒரு முனகல் இருக்கிறது, முன்பக்கச் சத்தம் போனதால் இப்போது அது நன்றாகவே கேட்கிறது. ஸ்பிரிங் கட்டையும் கழற்றுவதாக இருந்தால் யூ போல்ட் நான்கும் புதிதாகப் போட வேண்டும், ஒருமுறை இறுகி நீண்டதை மறுபடி நம்ப முடியாது. ஆக்ஸில் குழாய் விட்டமும் யூ போல்ட்டின் கால் நீளமும் கொடுத்தால் வளைத்துக் கொடுக்கும் இடம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதற்கு முன் முன்பக்க பிராக்கெட் போல்ட் நான்கையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்க வேண்டும். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கி உட்காரும், இந்த வாரம் ஜுரோங் பக்கம் முழு லோடு ஏற்றி ஓட்டிவிட்டு அதைப் பார்ப்பேன்.