தையல் பிரிக்கும் வரை

கோத்தகிரியில் நான் வேலை பார்க்கும் சிறிய மருத்துவமனையில், ஊசி போடும் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலையில் தாள் கிழிப்பது என் வேலை. கிழித்த தாளை எறிய மாட்டேன். மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் முடித்து மலைக்குத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால், தாளின் பின்புறம் ஆளுக்கு ஓர் எண் எழுதுவேன். ஆபரேஷன் முடிந்து எத்தனையாவது நாள் என்பதுதான் அந்த எண். மற்ற நர்ஸ்கள் இதைச் சீட்டுப் பணக் கணக்கு என்று கேலி செய்வார்கள்.

இந்தப் பழக்கம் இலை வண்டி ஓட்டிய ஓர் அண்ணனால் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் இருந்து பச்சை இலை மூட்டைகளை ஃபேக்டரிக்குக் கொண்டு போகும் வேலை அவருக்கு. ஒரே மாதத்தில் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி மூன்று முறை உடைந்தது. முதலாளி குடிப்பழக்கம் என்று முடிவு கட்டினார். அவர் மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. தட்டில் இடப்பக்கம் இருக்கும் பொரியலை மட்டும் இந்த மனிதர் ஏன் தொடுவதே இல்லை? ஸ்கேனில் மூளையின் வலது பின்பக்கம் கட்டி தெரிந்தது. பார்வையின் இடது பாதி போயிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

கோவையில் மண்டை ஓட்டைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். கிளியோபிளாஸ்டோமா என்று முடிவு வந்தது. மூளையிலேயே முளைக்கும் கட்டிகளில் மிகக் கொடியது, நான்காம் நிலை. அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் எடுத்தாலும், வேர் போல ஓடிய செல்கள் மிஞ்சும். அதற்காகத்தான் அடுத்து கதிர்வீச்சும் டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். கதிர்வீச்சை எங்கள் ஊரில் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை, 'கரண்ட் வைப்பது' என்பார்கள். வாரத்துக்கு 5 நாள், 6 வாரம், மொத்தம் 30 தடவை. 2005-இல் வந்த பெரிய ஆய்வுதான் இந்த முறையை உலகம் முழுவதும் நிலைநாட்டியது. கரண்ட் மட்டும் வைத்தவர்களில் பாதிப் பேர் 12.1 மாதத்தைத் தாண்டினார்கள், மாத்திரையும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 14.6 மாதத்தைத் தாண்டினார்கள். இரண்டரை மாதம்தானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் என்றிருந்தது, இருபத்தாறு ஆனது. அந்த வித்தியாசத்தைத்தான் வீட்டாரிடம் பேசும்போது நான் பிடித்துக்கொள்வேன்.

ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் நடுவில் வழக்கமாக 3 முதல் 6 வாரம் இடைவெளி விடுவார்கள். தலைத்தோல் ஆறவேண்டும். ஆறாத தோலில் கதிர் பட்டால் புண் பிளந்துவிடக்கூடும். அண்ணனுக்குத் தலையில் குதிரை லாடம் போல ஒரு பெரிய தையல். வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிட்டது. 15-ஆம் நாள் தையலின் ஓர் ஓரத்தில் நீர் கசிந்தது. தினமும் கட்டு மாற்ற வருவார். மாத்திரை கிளப்பிய பசியில் கையில் ஒரு வர்க்கி பொட்டலத்தோடுதான் வருவார், திட்டினால் சிரிப்பார். ஆபரேஷன் நாளில் இருந்து எண்ணினால் புண் ஆற ஒரு மாதம் ஆனது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காப்பீட்டு அட்டையில் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தது. திசுப் பரிசோதனை முடிவு ஒரு மேசையில் கையெழுத்துக்காக 11 நாள் கிடந்தது. எந்த மருத்துவமனை என்று சொல்வதில் இப்போது பயனில்லை. பிறகு ஐப்பசி மழை. குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் போகும் வண்டி எல்லாம் எங்கள் கோத்தகிரி வழியாகத் திரும்பும், அன்று எங்கள் சாலையும் நகராது. குறித்த தேதிக்கு அவரால் கீழே போக முடியவில்லை, அடுத்த தேதி ஒரு வாரம் தள்ளிக் கிடைத்தது. முதல் கரண்ட் வைத்தது 58-ஆம் நாள். அதற்காக எடுத்த புது ஸ்கேனில், கட்டி எடுத்த குழியின் சுவரில் வெள்ளையாக ஒன்று மறுபடி தெரிந்தது.

எனக்கு அன்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. 58 நாளில் 30 நாள் புண்ணுக்குப் போனது, புரிகிறது. மீதி 28 நாள்?

அவர் 11 மாதம் இருந்தார்.

மூளைக் கட்டியை லேசரால் சுடுவது பற்றி எனக்குத் தெரிய வந்தது என் கணக்கு டீச்சரால். ஆறாம் வகுப்பில் எனக்குப் பின்னம் சொல்லித் தந்தவர், ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவில் மகளோடு குடியேறிவிட்டார். மகள் என் வகுப்புத் தோழி. ஒரு நாள் விடியற்காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. டீச்சருக்கு வலது கை மரத்துப்போகிறதாம். மூளையின் நடு ஆழத்தில், தலாமஸ் என்ற இடத்தில், இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. திறந்து எடுக்க முடியாத இடம் அது. வழியில் உள்ளதை எல்லாம் வெட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

"லேசர் வைக்கிறேன் என்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாள். எனக்கு அப்போது லேசர் என்றால் கண் ஆபரேஷன்தான் தெரியும். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லிவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரைப் பிடித்துக் கேட்டேன்.

மண்டை ஓட்டில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அதன் வழியே மெல்லிய குழலைக் கட்டியின் நடுவுக்குச் செலுத்துகிறார்கள். முதலில் அதே துளையில் பரிசோதனைக்குச் சிறு துணுக்கு எடுத்துக்கொள்ளலாம். பிறகு லேசர் நாரின் நுனி கட்டியை உள்ளிருந்து சூடேற்றும். நோயாளி எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே மயக்கத்தில் படுத்திருப்பார். திசுவின் சூட்டை அந்தக் கருவி சில விநாடிகளுக்கு ஒரு முறை படமாகக் காட்டும். 43 டிகிரியில் சில நிமிடம் இருந்தாலே செல்கள் மீளாது. எது வரை செத்தது என்று திரையில் ஒரு கோடு வளர்ந்துகொண்டே போகும். கோடு கட்டியின் விளிம்பைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள். கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிக்குத்தான் இது சரிப்படும். பெரிய கட்டியைச் சுட்டால், செத்த திசு உள்ளேயே கிடந்து வீங்கி மூளையை நெருக்கும்.

அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை நாற்காலியில் நிமிர வைத்தது. தையல் ஒன்றோ இரண்டோதான். அதனால் தோல் ஆற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், கரண்டையும் மாத்திரையையும் ஓரிரு வாரத்திலேயே தொடங்கப் பார்க்கலாம். இன்னொன்று, ரத்தத்தில் உள்ள கண்ட மருந்தையும் மூளைக்குள் விடாமல் நிறுத்தும் ஒரு தடுப்பு நம் ரத்தக் குழாய்களில் இருக்கிறது. லேசர் சுட்ட இடத்தைச் சுற்றி அந்தத் தடுப்பு சில வாரங்களுக்குத் தளர்ந்து, பிறகு மூடிக்கொள்கிறது. பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணிக்கு இறங்கும் தடுப்புக் கம்பம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இறங்குவதற்குள் வண்டி தாண்டிவிட வேண்டும். மாத்திரை அந்த நேரத்தில் போனால், விளிம்பில் மிஞ்சிய செல்களை அதிகம் எட்டும் என்பது எதிர்பார்ப்பு. சூடுபட்டு நொந்த செல்லுக்குக் கதிரின் அடியைச் சரிசெய்துகொள்ளும் தெம்பும் குறைவு. இதனால் ஆயுள் எவ்வளவு கூடும் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், பெரிதாக நம்பிவிடாதே என்றும் சொன்னார்.

டீச்சர் இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார். நான்காம் நாள் வலது கால் இழுத்தது. எதிர்பார்த்த வீக்கம்தான். டெக்ஸாமெத்தசோன் அளவைக் கூட்டினார்கள், வடிந்தது. 10-ஆம் நாள் முதல் கரண்ட் வைத்தார்கள்.

பத்து என்று அவள் போனில் சொன்னபோது நான் காலண்டரைத்தான் பார்த்தேன். எப்படி முடிந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன். அவள் சொன்னதில் லேசர் பாதிதான். லேசர் வைப்பதற்கு முன்பே கதிர்வீச்சு மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடிக்கு அளவெடுக்கும் தேதி, மாத்திரைக்கான காப்பீட்டு அனுமதி, திசு முடிவை யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்பது எல்லாம் முன்கூட்டியே தயார். துளை சிறியது என்பதால் மட்டும் பத்து நாள் வந்துவிடவில்லை. அதே லேசரை நம் அண்ணனுக்கு வைத்திருந்தாலும், முதலெழுத்து மாறிய அட்டையும் மேசையில் கிடந்த காகிதமும் அந்தப் பத்தை நாற்பதாக்கியிருக்கும்.

கரண்ட் முடிந்ததும் டீச்சர் ஊருக்கே வந்துவிட்டார். குளிர் வேண்டும் என்றாராம். 28 நாளுக்கு ஒரு முறை 5 நாள் மாத்திரை. ரத்தம் எடுக்க நான் வீட்டுக்கே போவேன். ரத்தம் உறைய உதவும் தட்டணு 1 லட்சத்துக்குக் கீழே போனால் மாத்திரையைத் தள்ளிவைக்க வேண்டும், அதை நான் சொல்வதற்குள் அவரே காகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுவார். வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும் என்றேன். "டீ வயிற்றை நிரப்புமா என்ன?" என்றார். பால் சேர்த்த டீயும் சாப்பாடுதான் டீச்சர் என்று வாதாடி ஜெயிக்க எனக்கு இரண்டு சுற்று ஆனது. கோத்தகிரியில் விடியற்காலை டீயை நிறுத்தச் சொல்வது சாதாரண விஷயமா?

ஒரு நாள் தலைமுடியை விலக்கி அந்தத் தழும்பைக் காட்டினார். தேடித்தான் பார்த்தேன். அட்டை கடித்த தடம் அளவுக்கு இருந்தது.

டீச்சர் 17 மாதம் இருந்தார். அண்ணனின் 11-ஐயும் இந்த 17-ஐயும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்க எனக்கும் கை பரபரத்தது. வேறு வேறு கட்டி, வேறு வயது, வேறு நாடு. இரண்டு பேரை வைத்துச் சராசரி போட்டால் டீச்சரே என் காதைத் திருகியிருப்பார்.

இந்த வாரத் தாள்களின் பின்னால் ஒரே ஓர் ஆளின் எண்தான் இருக்கிறது. இலை பறிக்கும் ஓர் அம்மாவின் மகன், 26 வயது. லேசர் இல்லை, திறந்துதான் எடுத்தார்கள். இன்று 9-ஆம் நாள். காலையில் கட்டு மாற்றிக்கொண்டே பட்டியலை ஓட்டினேன். காப்பீட்டு அட்டையின் பெயரையும் ஆதாரின் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாயிற்று. திசு முடிவு கேட்டு இரண்டு முறை போன் செய்தாயிற்று, நாளை தருகிறேன் என்கிறார்கள். கோவையில் 6 வாரம் தங்க அவனுடைய மாமா வீட்டில் இடம் உண்டு.

"தையல் பிரிக்காமல் கரண்ட் வைக்க மாட்டார்களே சிஸ்டர், இப்போதே ஏன் கீழே போகணும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கரண்டுக்கு இல்லை அக்கா. டாக்டரைப் பார்த்து, முகமூடி அளவெடுக்க என்றைக்கு வரவேண்டும் என்று தேதி வாங்கத்தான். தையல் அது பாட்டுக்கு ஆறட்டும்."

குஞ்சப்பனையில் பலாப்பழ சீசன், இருட்டினால் சாலையில் யானை நிற்கும். திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம், 3 மணிக்கே ஏறிவிடுங்கள், தம்பியை ஜன்னலோரம் உட்கார வைக்காதீர்கள், தலைக்கட்டின் மேல் காற்று படும் என்று சொல்லி, கோப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன்.