மலையும் மணலும்: ஒரே வண்டி, இரண்டு கணக்கு

அடுத்த மாதம் ஆறு நாள் பயணம் ஒன்றுக்குத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு வண்டிகள், நான்கு பேர். முதல் மூன்று நாட்கள் கல்லும் சரளையுமான மலைப்பாதை, அடுத்த மூன்று நாட்கள் பாலைவனத்தில் கூடாரம். வரைபடத்தில் பாதையைக் குறிக்கும் வேலை ஒரே மாலையில் முடிந்துவிட்டது. எடைக் கணக்குதான் இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. மலைக்கு வண்டி இலேசாக இருக்க வேண்டும், பாலைவனத்துக்கோ தண்ணீரும் எரிபொருளும் நிறைய வேண்டும்.

பாலைவனத்தில் குடிக்கவும் சமைக்கவுமாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்திருக்கிறேன். நான்கு பேருக்கு மூன்று நாள், வண்டி எங்காவது சிக்கிக்கொண்டால் என்று மேலும் இரண்டு நாள் சேர்த்தால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. மென்மையான மணலில் எரிபொருள் சாலையில் செலவாவதைப்போல ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்குகூட ஆகும் என்பதால், 250 கிலோமீட்டர் மணல்பாதையைக் கணக்கில் 500 என்றே எழுதியிருக்கிறேன். இவ்வளவு கேன்களையும் கூரைமேல் ஏற்றிக் கட்டிவிடலாமே என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கூரையில் ஏறும் எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்திவிடும். சமதரையில் அது தெரியாது, ஒரு பக்கம் சரிந்த மலைப்பாதையில் வயிற்றைக் கலக்கும்.

மலையை முதலில் வைத்ததற்கு இதுவே காரணம். வெற்றுக் கேன்களோடு மலையைக் கடந்து, கீழே இறங்கியபின் பாலைவன விளிம்பிலுள்ள கடைசி ஊரில் நிரப்பிக்கொள்வதாக ஏற்பாடு. என் வண்டியின் இன்ஜினுக்கு, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ கிடையாது. அத்தகைய இன்ஜின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீத ஆற்றலை இழக்கும் என்பதால், சுமை குறைவதில் எனக்குக் கூடுதல் அக்கறை உண்டு. ஆட்களுக்கும் உயரம் ஒரு பிரச்சினைதான். 3000 மீட்டருக்கு மேல் போனால் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்ட வேண்டாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. மூன்றே நாளில் அதற்கு அவகாசமில்லை. ஆகவே கணவாயைப் பகலில் கடந்துவிட்டு, இரவுக்குத் தாழ்வான பள்ளத்தாக்கில் இறங்கித் தங்குமாறு பாதையை மாற்றினோம். இறக்கத்தில் லோ ரேஞ்ச் (வண்டியை மிக மெதுவாக நகர்த்தும் கியர் அமைப்பு), முதல் கியர், காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிடுவது: இதற்குமேல் அதில் திட்டமிட ஒன்றுமில்லை.

மலையிலிருந்து மணலுக்கு மாறும் இடத்தில் முதலில் செய்ய வேண்டியது டயர் காற்றைக் குறைப்பது. சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டும் டயரை மணலுக்கு 18 அளவுக்கு இறக்கினால், அது தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடுகிறது. சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலேயே உருள்கிறது. 15-க்கும் கீழே போனால், வேகமாகத் திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளக்கூடும். காற்றை இறக்க ஒரு குச்சி போதும். திரும்ப ஏற்றுவதில்தான் போன முறை மாட்டிக்கொண்டேன். டயருக்குக் காற்றடிக்கப் புதிதாக வாங்கிய பெரிய கம்ப்ரசரை அதன் கிளிப்புகளால் நேராக பேட்டரியில் மாட்டாமல், அடாப்டர் ஒன்றின் வழியாக சிகரெட் லைட்டர் துளையில் சொருகினேன். அது இழுத்த மின்சாரம் அந்த ஃபியூஸ் தாங்கக்கூடியதைவிட மிக அதிகம். சில விநாடி உறுமிவிட்டு அடங்கியது. மாற்று ஃபியூஸ் இல்லை. அன்று 20 பி.எஸ்.ஐ. டயர்களோடு தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் ஊர்ந்தேன். பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கி, டயரின் பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் ஆறும்வரை நிழலில் நிற்பேன். இந்த முறை கிளம்புவதற்கு முன்பே வீட்டு வாசலில் நான்கு டயரையும் 18-க்கு இறக்கி, மறுபடி 35-க்கு ஏற்றிப் பார்த்துவிட்டேன்.

மண்வெட்டி, சக்கரத்தடியில் வைக்கும் பலகைகள், நீளும் தன்மையுள்ள இழுவைக் கயிறு ஆகியவை வழக்கம்போல வருகின்றன. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் அந்தக் கயிற்றைக் கட்டக்கூடாது என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்; இழுக்கும்போது உருண்டை முறிந்து தெறித்தால் ஆளையே கொன்றுவிடும்.

கூடாரம் போடும் இடத்துக்குச் சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வறண்ட ஆற்றுப்படுகை தட்டையாகவும் காற்று படாமலும் இருந்து ஆசைகாட்டும். ஆனால் கண்ணுக்கெட்டாத தொலைவில் பெய்த மழைகூட அதன் வழியே வெள்ளமாக இறங்கி வரும், அங்கே தங்குவதில்லை. சாதாரண முளைகள் மணலில் நிற்காது. துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் கூடாரம் அசையாது. பகல் சூட்டை நம்பிக் கம்பளியை விட்டுப் போகக்கூடாது. வறண்ட காற்றில் மணல் வெகு சீக்கிரம் குளிர்ந்துவிடும். காலையில் காலணியை உதறிவிட்டுத்தான் போட வேண்டும், தேளுக்கும் அந்த இருட்டு பிடிக்கும்.

பாதையின் நகலும், ஏழாம் நாள் நண்பகலுக்குள் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்ற குறிப்பும் என் அக்காவிடம் இருக்கும். இரண்டாவது ஸ்பேர் டயர்தான் இன்னும் முடிவாகவில்லை. இரு வண்டிக்கும் ஒரே அளவுச் சக்கரம் என்பதால், ஆளுக்கொன்றாக இருக்கும் இரண்டு ஸ்பேர்களே போதும் என்பது என் கட்சி. மலைக் கற்களைப் பார்த்தபிறகு பேசு என்கிறார் நண்பர். எடைப் பட்டியலில் அந்த வரிக்கு நேராக இப்போதைக்குக் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.