மலைப்படைக்கு ஒரு முரசு
நான் எழுதிவரும் மாய உலகக் கதையில் ஒரு மலைநாட்டுப் படை வருகிறது. அதற்கென ஓர் இசை மரபை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். மெட்டுக்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது நடையின் வேகம். இன்றைய படைகளில் நிமிடத்துக்கு 120 காலடி என்பது பரவலான கணக்கு. பிரெஞ்சு அந்நியர் படையணி 88 காலடியில்தான் நடக்கும். எனக்கு அந்த நிதானத்தில்தான் மிரட்டல் தெரிகிறது.

என் வீரர்கள் மூட்டை சுமந்து செங்குத்தாக ஏறுபவர்கள். அப்போது கொம்பு ஊத யாருக்கு மூச்சு இருக்கும்? ஆகவே ஏற்றம் முழுக்க முரசு மட்டும். இடது காலுக்குத் தோலின் நடுவில் கனத்த அடி, வலது காலுக்கு விளிம்பில் குச்சியால் ஒரு தட்டு. இப்படி மூன்று முறை. நான்காவது முறை முரசு ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியில் படை மொத்தமும் 'ஹா' என்று மூச்சை வெளியே விடும். கணவாயை எட்டிய பிறகே கொம்புகள் முழங்கும்.

இதற்கெல்லாம் தூண்டுதல் உஸ்மானியத் துருக்கியரின் மெஹ்தர் என்ற படை இசைக்குழு. ஒட்டகத்தின் மேல் பெருமுரசுகள், காதைத் துளைக்கும் சூர்னா என்ற ஊதுகுழல், வெண்கலத் தாளங்கள்! 1826இல் சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படையோடு அந்தக் குழுவையும் கலைத்தார்கள். அதற்குள் அந்த முரசும் தாளமும் ஐரோப்பிய இசைக்குழுக்களில் குடியேறிவிட்டன. எதிரியின் வாத்தியத்தை ஆசையோடு எடுத்துக்கொண்ட அந்த வரலாறு எனக்கு அவ்வளவு பிடிக்கும். என் கதையிலும் சமவெளி மக்கள், தங்களை நடுங்க வைத்த மலைமுரசைக் கல்யாண ஊர்வலத்தில் அடிக்கப்போகிறார்கள். அடுத்த அத்தியாயம் அதுதான்.